ஓசோனுக்கு எந்தப் படம் போடுவது? லூயிஸ், உடனிசைவு, இனக்கலப்பு, எம்ஓ: ஓர் ஒப்பீடு

வேதிப்பிணைப்பு பாடத்தை முடித்துவிட்டு வரும் பிளஸ் ஒன் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி மட்டும் வருடா வருடம் மாறாமல் வருகிறது. ஒரே ஓசோனுக்கு முதலில் லூயிஸ் படம் போடச் சொல்கிறார்கள், அப்புறம் அது போதாது என்று உடனிசைவு அமைப்புகள் இரண்டு போடச் சொல்கிறார்கள், அடுத்த பக்கத்தில் நடு அணு எஸ்பி2 இனக்கலப்பு என்கிறார்கள், கடைசியில் மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை (சுருக்கமாக எம்ஓ) வந்து எல்லாவற்றையும் வேறு மொழியில் சொல்கிறது. இதில் எதை நம்புவது, தேர்வில் எதை எழுதுவது? நீட், ஜேஇஇ படிப்பவர்களும் கேட்கிறார்கள், பி.எஸ்சி. சேர்ந்தவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பாடம் நான்கையும் வரிசையாக வைத்துவிடுகிறது. எந்த இடத்தில் எதைக் கையில் எடுப்பது என்பதை மாணவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய மூலக்கூறுகளைப் பற்றிய பெரும்பாலான கேள்விகளுக்கு உடனிசைவு போதும், அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். ஆனால் அது எந்த இடத்தில் பொய் சொல்லத் தொடங்குகிறது என்று தெரியாமல் எடுத்தால், மற்ற மூன்றையும்விட அதிகக் கெடுதல் செய்வதும் அதுதான்.

## முதலில் உரைகல்

எதை வைத்து உரசிப் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் எது நல்லது என்று பேசிப் பயனில்லை. நான் ஆறு விஷயங்களைப் பார்ப்பேன்.

1. பிணைப்பு நீளமும் பிணைப்புத் தரமும் (ஒற்றையா, இரட்டையா, இடைப்பட்டதா என்று சொல்லும் எண்) அளந்து பார்த்ததோடு ஒத்துப்போகின்றனவா?
2. மின்சுமை எந்த அணுவின் மேல் நிற்கிறது என்று சொல்ல முடிகிறதா? வினை எங்கே நடக்கும் என்பது இதிலிருந்துதான் வரும்.
3. வடிவமும் கோணமும் கிடைக்கின்றனவா?
4. எலக்ட்ரான்களின் ஆற்றலைப் பற்றிப் பேச முடிகிறதா? காந்தத்தன்மை, நிறம், புறஊதா உறிஞ்சல் எல்லாம் இதில் அடங்கும்.
5. கையால் போட எவ்வளவு நேரம் ஆகும்?
6. போட்டு முடித்த பிறகு மனதில் என்ன தவறான நம்பிக்கையை விட்டுச் செல்கிறது? இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று வருடம் கழித்து எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் வந்து உதைப்பது இதுதான்.

## ஒரே ஒரு லூயிஸ் படம்

ஜி.என்.லூயிஸ் 1916-ல் எலக்ட்ரான் இரட்டை என்ற எண்ணத்தை முன்வைத்தார். நூறு ஆண்டு தாண்டியும் வேதியியலர்கள் பேசிக்கொள்வது அந்தப் புள்ளிகளிலும் கோடுகளிலும்தான். மீத்தேன், நீர், அம்மோனியா, கார்பன் டைஆக்சைடு மாதிரி மூலக்கூறுகளுக்கு வேறு எதையும் தேடவே வேண்டாம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மேலே, எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்குவதை வைத்து வடிவம் சொல்லும் வெஸ்பர் கொள்கையைப் போட்டால் வடிவமும் வந்துவிடும்: நீரில் இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகள், அதனால் கோணம் 104.5 டிகிரி, அம்மோனியாவில் ஒன்று, அதனால் 107.

ஓசோனில் அது திணறுகிறது. மொத்தம் 18 இணைதிறன் எலக்ட்ரான்கள். எண்ம விதிப்படி (ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் எட்டு எலக்ட்ரான்) போட்டால் ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பு, மறுபக்கம் ஒற்றைப் பிணைப்பு என்று வரும். அப்படியானால் ஒரு பக்கம் ஏறக்குறைய 121 பிகோமீட்டர் (சாதாரண ஆக்சிஜனில் உள்ளது), மறுபக்கம் ஏறக்குறைய 148 (ஹைட்ரஜன் பெராக்சைடில் உள்ளது) என்று இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டு பக்கமும் 128. ஒரே நீளம், வித்தியாசமே இல்லை.

இந்தப் படத்தின் மறைமுகச் செலவு, அது எந்தப் பக்கத்தையும் காரணமில்லாமல் தேர்ந்தெடுத்துவிடுகிறது. இடது பக்கம் இரட்டைக் கோடு போட்டவர் அங்கேதான் வினை நடக்கும் என்று நம்ப ஆரம்பித்துவிடுவார். கார்பனேட், நைட்ரேட், பென்சீன் எல்லாவற்றிலும் இதே கதை.

எப்போது இது போதும் என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. அணுக்களை அசைக்காமல், எலக்ட்ரான்களை மட்டும் நகர்த்தி, அதே தரத்தில் இன்னொரு படம் போட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒரு படமே போதும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

## உடனிசைவு: பல படங்கள், ஒரு மூலக்கூறு

அந்தச் சோதனையில் இன்னொரு படம் வந்துவிட்டால் உடனிசைவுக்குப் போக வேண்டும்.

ஓசோனின் இரண்டு படங்களையும் போட்டு, நடுவில் இருமுனை அம்புக்குறி போட்டு, உண்மை மூலக்கூறு இந்த இரண்டுக்கும் பொதுவான ஒன்று என்கிறோம். பிணைப்புத் தரம் ஒன்றரை. 121-க்கும் 148-க்கும் நடுவில் 128, பொருந்துகிறது. முறைசார் மின்சுமையும் (இணைதிறன் எலக்ட்ரான் கழித்தல் தனித்த எலக்ட்ரான் கழித்தல் பிணைப்புக் கோடு) கணக்கிடலாம்: நடு ஆக்சிஜன் ஆறு கழித்தல் இரண்டு கழித்தல் மூன்று, அதாவது கூட்டல் ஒன்று, ஒற்றைப் பிணைப்பு முனை கழித்தல் ஒன்று, இரட்டைப் பிணைப்பு முனை பூஜ்யம். இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தால் முனைகளுக்கு ஆளுக்கு அரை எதிர்ச்சுமை, நடுவில் ஒரு நேர்ச்சுமை. ஒரே தனிமத்தால் ஆன மூலக்கூறுக்கு இருமுனைத் திருப்புத்திறன், அதாவது ஒரு முனை நேராகவும் மறுமுனை எதிராகவும் இருக்கும் தன்மையின் அளவு, இருப்பது (ஓசோனுக்கு சுமார் 0.53 டிபை) முதலில் விசித்திரமாகத் தோன்றும், ஆனால் வளைந்த வடிவத்தோடு இந்தச் சுமைகளைச் சேர்த்துப் பார்த்தவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

கார்பனேட்டில் மூன்று படம், பிணைப்புத் தரம் ஒன்றும் மூன்றில் ஒன்றும், மூன்று பிணைப்பும் ஏறக்குறைய 129 பிகோமீட்டர். பென்சீனில் ஆறு பிணைப்பும் 139-140. அதோடு ஆற்றலும் சேர்கிறது. வளையஹெக்சீனை ஹைட்ரஜனேற்றினால் மோலுக்குச் சுமார் 120 கிலோஜூல் வெளிவரும், மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ள பென்சீனுக்கு 360 வர வேண்டும், ஆனால் வருவது 208-தான். குறைகிற ஏறக்குறைய 150 கிலோஜூலைத்தான் உடனிசைவு ஆற்றல் என்கிறோம்.

எல்லாப் படமும் சமமாக இல்லாத இடத்தில்தான் இந்த முறையின் அழகு தெரியும். எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு. நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று நேர்கோட்டில் மூன்று அணுக்கள், 16 எலக்ட்ரான்கள். முதல் படத்தில் இரண்டு நைட்ரஜனுக்கும் நடுவில் முப்பிணைப்பு, ஆக்சிஜனோடு ஒற்றைப் பிணைப்பு, எதிர்ச்சுமை ஆக்சிஜன் மேல். இரண்டாவதில் இரண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு, எதிர்ச்சுமை கடைசி நைட்ரஜன் மேல். மூன்றாவதும் போடலாம், ஆனால் அதில் கடைசி நைட்ரஜனுக்குக் கழித்தல் இரண்டும், எலக்ட்ரானைக் கவரும் ஆக்சிஜனுக்குக் கூட்டல் ஒன்றும் வரும், அதைத் தள்ளிவிடலாம். எலக்ட்ரான் கவர்தன்மை அதிகமுள்ள ஆக்சிஜனில் எதிர்ச்சுமை நிற்பதால் முதல் படத்துக்குக் கொஞ்சம் அதிக எடை, ஆனால் இரண்டாவதையும் விட முடியாது. அளவீட்டைப் பாருங்கள்: நைட்ரஜன்-நைட்ரஜன் 113 பிகோமீட்டர், நைட்ரஜன் வாயுவின் முப்பிணைப்பான 110-ஐவிடச் சற்றே அதிகம், நைட்ரஜன்-ஆக்சிஜன் 119, ஒற்றைப் பிணைப்பாக இருக்க முடியாத அளவுக்குக் குட்டை. இருமுனைத் திருப்புத்திறன் 0.17 டிபைதான், ஏனென்றால் ஒரு படம் எதிர்ச்சுமையை வலப்பக்கம் இழுக்கிறது, மற்றது இடப்பக்கம் இழுக்கிறது, பெரும்பகுதி கழிந்துபோகிறது. இரண்டு கோட்டுப் படங்களை வைத்துக்கொண்டு இவ்வளவும் சொல்லிவிட முடிகிறது என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம் தரும் விஷயம்.

### இதை விட்டவர்கள் கொடுத்த விலை

உடனிசைவு தேர்வுக்காக மட்டும் படிக்கிற விஷயம் என்று நினைப்பவர்கள் புரதத்தின் கதையைக் கேட்க வேண்டும். அமைடு தொகுதியில் கார்பனில் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பாக இருக்கிறது, பக்கத்தில் நைட்ரஜன் தனித்த இரட்டையோடு நிற்கிறது. அந்த இரட்டை கார்பன் பக்கம் சாய்ந்தால் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பும் ஆக்சிஜனில் எதிர்ச்சுமையும் உள்ள இன்னொரு படம் கிடைக்கும். விளைவு: அந்தப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பின் 147 பிகோமீட்டரில் இல்லாமல் 133-ல் நிற்கிறது, எளிதில் சுழலாது, சுற்றியுள்ள அணுக்களெல்லாம் ஒரே தளத்தில் படுத்துவிடும். டைமெத்தில்பார்மமைடை என்எம்ஆர் கருவியில் வைத்தால் அறை வெப்பநிலையில் இரண்டு மெத்திலும் தனித்தனிச் சமிக்ஞை தருவது இதனால்தான். நன்றாகச் சூடாக்கினால் சுழற்சி வேகமாகி இரண்டும் ஒன்றாகிவிடும்.

1950-ல் கேம்பிரிட்ஜில் பிராக், கெண்ட்ரூ, பெருட்ஸ் மூவரும் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் சுருளலாம் என்று ஒரு பெரிய பட்டியல் போட்டார்கள். அமைடு தொகுதி தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர்கள் வைக்கவில்லை, சரியான சுருள் பட்டியலில் சிக்கவில்லை. அமெரிக்க வேதியியலர் லைனஸ் பாலிங் அந்த நிபந்தனையை விடாமல் பிடித்துக்கொண்டார்; 1951-ல் கோரி, பிரான்சன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம் உள்ள ஆல்பா சுருளை வெளியிட்டார். அப்புறம் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடமும் இதே தரையில்தான் நிற்கிறது: அமைடு பிணைப்பு சுழலாது, எனவே ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் மிஞ்சுவது ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள்தான், எனவே புரதத்தின் முதுகெலும்பை ஒரு தாளில் இரண்டு அச்சில் வரைந்துவிடலாம். நாம் போடும் இருமுனை அம்புக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிண்டி வளாகத்தில் வரையப்பட்ட அந்தப் படம் நினைவுக்கு வரும்.

### இதன் மறைமுகச் செலவுகள்

முதல் செலவு, மூலக்கூறு இந்தப் படத்திலிருந்து அந்தப் படத்துக்கு ஓயாமல் தாவிக்கொண்டே இருக்கிறது என்ற நம்பிக்கை. பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். எவ்வளவு வேகமாகத் தாவும் சார் என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு. ஒரு குழந்தை பிறந்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கு அப்படியே அப்பா, நெற்றி அம்மா என்று சொல்வார்கள் இல்லையா, அதற்காகக் குழந்தை காலையில் அப்பாவாகவும் மாலையில் அம்மாவாகவும் மாறுகிறது என்று யாரும் நினைப்பதில்லை. அது எப்போதும் ஒரே முகம்தான். இந்த உவமையும் ஓர் இடத்தில் உடையும்: அப்பாவும் அம்மாவும் உண்மையில் இருக்கிறார்கள், ஓசோனின் இரண்டு படங்களும் எங்கேயும் எந்த நொடியிலும் இல்லை. நம்மிடம் கோடுகள் முழு எண்ணிக்கையில்தான் இருக்கின்றன, ஒன்றரைக் கோடு போட வழியில்லை, அதனால் இரண்டு படம் போடுகிறோம்.

இந்தக் குழப்பம் பெரியவர்களையும் விடவில்லை. 1951-ல், ஆல்பா சுருள் வெளிவந்த அதே ஆண்டில், மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் உடனிசைவுக் கொள்கையைக் கருத்துமுதல்வாதம் என்று கண்டித்தார்கள். இல்லாத அமைப்புகளை வைத்து இருக்கும் பொருளை விளக்குவது எப்படி என்பது அவர்கள் கேள்வி. தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. இயற்பியலில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு ஒத்ததிர்வு என்று வைத்திருக்கிறோம், அதில் அதிர்வு இருக்கிறது. வேதியியலில் உடனிசைவு என்று வைத்தவர்கள் அதிர்வை விட்டுவிட்டு இசைவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் உடன் இசைந்து நிற்கின்றன. சொல்லே சரியான பொருளைத் தருகிறது, ரெசனன்ஸ் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டாவது செலவு இன்னும் மோசம்: எத்தனை படம் போட முடிகிறதோ அவ்வளவு நிலைப்புத்தன்மை என்ற சூத்திரம். வளையபியூட்டாடையீனை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சீன் மாதிரியே இரண்டு சமமான படங்கள் போடலாம். அதனால் அது சதுரமாகவும் நிலையாகவும் இருக்கும் என்று எதிர்பார்ப்போம், உண்மையில் அது செவ்வகம், இரட்டைப் பிணைப்பும் ஒற்றைப் பிணைப்பும் தனித்தனியாக நிற்கின்றன. மிகக் குளிர்ந்த திண்ம ஆர்கானுக்குள் சிறைவைத்துத்தான் அதைப் பார்க்க முடிந்தது. படம் எண்ணுகிற முறையில் இதற்குப் பதிலே கிடையாது. பை எலக்ட்ரான் (இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது கோட்டில் உள்ளது) நான்கா ஆறா என்று கேட்கும் ஹியூக்கல் விதிக்கு, அதாவது எம்ஓவுக்கு, போயாக வேண்டும்.

மூன்றாவது, அம்புக்குறி. சமநிலைக்குப் போடும் இரண்டு தனி அம்புகளும் உடனிசைவுக்குப் போடும் ஒரே இருமுனை அம்பும் வேறு வேறு. மாற்றிப் போட்டால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும், ஏனென்றால் சொல்லும் விஷயமே மாறிவிடுகிறது.

## இனக்கலப்பு

ஓர் அணுவின் எஸ், பி ஆர்பிட்டால்களைக் கலந்து ஒரே மாதிரியான புதிய ஆர்பிட்டால்கள் ஆக்கிப் பிணைப்பை விளக்குவது இனக்கலப்பு. இது குறித்து நான் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். கரிம வேதியியலுக்குப் போகிறவருக்கு எஸ்பி, எஸ்பி2, எஸ்பி3 என்ற சொற்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. எத்தைனின் ஹைட்ரஜன் ஏன் அமிலத்தன்மை காட்டுகிறது, சிக்மா எது பை எது, எதைச் சுற்றிச் சுழலலாம், இவற்றுக்கெல்லாம் இது நல்ல கருவி. உடனிசைவோடு சேர்த்து வைத்தால் இன்னும் நல்லது: ஓசோனின் சிக்மா சட்டகத்தை எஸ்பி2 வைத்துப் போட்டுவிட்டு, மீதமுள்ள பை எலக்ட்ரான்களை மட்டும் உடனிசைவிடம் விட்டுவிடலாம்.

ஆனால் பல பேர் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். எஸ்பி3 என்பதால் நான்முகி என்று எழுதுகிறார்கள். உண்மையில் வடிவத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாம் எஸ்பி3 என்று பெயர் வைக்கிறோம். ஹைட்ரஜன் சல்பைடின் கோணம் 92 டிகிரி, பாஸ்பீனில் 93.5, இவற்றுக்கு எஸ்பி3 என்று சொல்லிவிட்டு 109-லிருந்து ஏன் இவ்வளவு தூரம் விலகியது என்று காரணம் தேடி அலைவது வீண் வேலை, அங்கே பிணைப்புகளில் பெரும்பங்கு பி ஆர்பிட்டால்கள்தான். மீத்தேனிலேயே ஒரு சிக்கல் உண்டு. நான்கு ஆர்பிட்டால்களும் சமம் என்றால் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையில் (ஒளியால் எலக்ட்ரானை வெளியேற்றி ஆற்றலை அளப்பது) ஒரே ஆற்றலில் எலக்ட்ரான் வர வேண்டும் என்று தோன்றும், வருவது இரண்டு ஆற்றல்களில், சுமார் 14 மற்றும் 23 எலக்ட்ரான் வோல்ட். எம்ஓ போட்டால் இது தானாக வந்துவிடும்.

## மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை

எலக்ட்ரான்கள் தனி அணுக்களுக்குச் சொந்தமில்லாமல் மூலக்கூறு முழுவதும் பரவிய ஆர்பிட்டால்களில் இருப்பதாகப் பார்ப்பது எம்ஓ. அதை எடுத்தே தீர வேண்டிய இடம் ஈரணு மூலக்கூறுகள். ஆக்சிஜன்தான் இதற்கு முதல் சாட்சி. லூயிஸ் படத்தில் இரட்டைப் பிணைப்பு, எல்லா எலக்ட்ரான்களும் சோடி சேர்ந்திருக்கின்றன, பார்ப்பதற்குக் குறையே இல்லை. திரவ ஆக்சிஜனைக் காந்த முனைகளுக்கு நடுவில் ஊற்றினால் அந்த வெளிர்நீலத் திரவம் முனைகளுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சோடி சேராத எலக்ட்ரான்கள் இரண்டு இருக்கின்றன என்று பொருள். உடனிசைவை வைத்துச் சரிசெய்யலாம் என்று ஒவ்வோர் ஆக்சிஜனிலும் ஒற்றை எலக்ட்ரான் வைத்த படம் போட்டால் பிணைப்பு ஒற்றையாகிவிடும், நீளம் தவறும். எம்ஓவில் எட்டு எலக்ட்ரான் பிணைப்பு ஆர்பிட்டால்களில், நான்கு பிணைப்பைத் தளர்த்தும் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில், வித்தியாசத்தில் பாதி என்பதால் தரம் இரண்டு. கடைசி இரண்டும் சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்பு பை ஆர்பிட்டால்களில் தனித்தனியாக உட்காருகின்றன. நீளம், காந்தம் இரண்டும் ஒரே படத்தில் கிடைத்துவிட்டன. ஓர் எலக்ட்ரானை எடுத்தால் தரம் 2.5 ஆகி நீளம் 121-லிருந்து 112-க்குக் குறையும், இரண்டு சேர்த்துப் பெராக்சைடு ஆக்கினால் 149-க்கு நீளும். வரிசைப்படுத்துக என்று தேர்வில் வரும் கேள்வி முழுக்க இதுதான்.

நைட்ரிக் ஆக்சைடும் அப்படியே. பதினொரு எலக்ட்ரான், இரண்டு உடனிசைவுப் படம் போடலாம், இரண்டிலும் இரட்டைப் பிணைப்பு, எனவே தரம் இரண்டு என்று வரும். எம்ஓ 2.5 என்கிறது. அளந்த நீளம் 115, நேர் அயனியாக்கினால் 106. இங்கே எம்ஓவின் பக்கம்தான் நியாயம்.

கார்பன் மோனாக்சைடு ஒரு சுவையான நடுநிலை. எண்ம விதிப்படி முப்பிணைப்பு போட்டால் கார்பனுக்குக் கழித்தல் ஒன்று, ஆக்சிஜனுக்குக் கூட்டல் ஒன்று. ஆக்சிஜனுக்கு நேர்ச்சுமையா, தப்பாகப் போட்டுவிட்டோமா என்று பிள்ளைகள் அழித்துவிடுவார்கள். அழிக்க வேண்டாம். அதன் இருமுனைத் திருப்புத்திறன் 0.11 டிபை மட்டுமே, அதிலும் எதிர்ச்சுமை முனை கார்பன் பக்கம். ஏன் இரும்போடு கார்பன் வழியாக ஒட்டுகிறது, ஏன் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றுகிறது என்று கேட்டால் எம்ஓ தேவை: ஆற்றல் அதிகமுள்ள நிரம்பிய ஆர்பிட்டால் பெரும்பாலும் கார்பன் பக்கம் பருத்திருக்கிறது, இரும்பு திருப்பித் தரும் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளக் காலியான பை ஆர்பிட்டாலும் அங்கேயே இருக்கிறது.

செலவுகளும் உண்டு. மூன்று அணுவைத் தாண்டினால் கையால் போடுவது சிரமம். இந்த இரண்டு அணுவுக்கு நடுவில் உள்ள பிணைப்பு என்று விரலை வைத்துக் காட்ட முடியாது, ஆர்பிட்டால்கள் மூலக்கூறு முழுவதும் பரவியிருக்கும், வளைந்த அம்பு போட்டு வினைவழிமுறை எழுதவும் முடியாது. நைட்ரஜன் வரை சிக்மா 2பி ஆர்பிட்டால் பை ஆர்பிட்டால்களுக்கு மேலே, ஆக்சிஜனிலிருந்து கீழே என்ற வரிசை மாற்றமும் கவனம் கேட்கும். பிணைப்புத் தரத்துக்கு அது பாதகமில்லை, ஆனால் போரான் மூலக்கூறு பாராகாந்தமா (காந்தத்தால் ஈர்க்கப்படுமா) என்ற கேள்வியில் வரிசையை மாற்றிப்போட்டவர் தவறான பதில்தான் எழுதுவார்.

ஓசோனுக்குத் திரும்பி வந்தால் ஒரு நல்ல செய்தி. மூன்று பி ஆர்பிட்டால்களைச் சேர்த்தால் பிணைப்பு ஒன்று, பிணையாதது ஒன்று, எதிர்பிணைப்பு ஒன்று என்று மூன்று கிடைக்கும். நான்கு பை எலக்ட்ரான்கள் முதல் இரண்டை நிரப்பும். ஒரு பை பிணைப்பு இரண்டு இடத்துக்குப் பங்காகி ஆளுக்கு அரை, பிணையாத ஆர்பிட்டால் முனை அணுக்களில் மட்டும் இருப்பதால் எதிர்ச்சுமையும் முனைகளில். உடனிசைவு சொன்ன அதே பதில். ஆனால் ஓசோன் படலம் ஏன் 255 நானோமீட்டரை ஒட்டிய புறஊதாக் கதிரை அவ்வளவு வலுவாக விழுங்குகிறது என்று கேட்டால் உடனிசைவிடம் சொல்ல ஒன்றுமில்லை, நிரம்பிய ஆர்பிட்டாலும் காலி ஆர்பிட்டாலும் கண்ணில் தெரிகிற எம்ஓவிடம் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| உரைகல் | ஒற்றை லூயிஸ் | உடனிசைவு | இனக்கலப்பு | எம்ஓ |
|---|---|---|---|---|
| நீளம், தரம் | உடனிசைவு இல்லாதவற்றுக்கு மட்டும் | நன்று. நைட்ரிக் ஆக்சைடில் தவறும் | தனியாகப் போதாது | மிக நன்று |
| மின்சுமை | ஓரளவு | மிக நன்று | சொல்லாது | நன்று, உழைப்பு வேண்டும் |
| வடிவம் | வெஸ்பர் சேர்த்தால் நன்று | தட்டையா என்று சொல்லும் | பெயர் தரும் | கையால் கடினம் |
| காந்தம், ஒளி | இல்லை | இல்லை | இல்லை | இதுதான் வழி |
| நேரம் | அரை நிமிடம் | இரண்டு மூன்று நிமிடம் | ஒரு நிமிடம் | ஈரணுவுக்கு ஐந்து நிமிடம் |
| விட்டுச்செல்லும் தவறு | ஒரு பக்கம் சாய்வது | தாவுகிறது என்ற எண்ணம் | காரணமும் விளைவும் மாறுவது | பிணைப்பு என்ற சொல்லே மங்குவது |

## உங்களுக்கு எது

நீட் எழுதுகிறவர் முறைசார் மின்சுமையோடு உடனிசைவையும், ஈரணுக்களுக்கு மட்டும் எம்ஓவையும் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் போதும். கரிம வேதியியலில் வினைவழிமுறை எழுதப் போகிறவருக்கு உடனிசைவும் இனக்கலப்பும் சேர்ந்த கலவைதான் தினசரிச் சாப்பாடு. அணைவுச் சேர்மம், நிறமாலை, ஒளிவேதியியல் என்று போகிறவர் எம்ஓவை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. கேள்வித்தாளில் காந்தம், நிறம், அயனியாக்கும் ஆற்றல் என்ற சொற்களைக் கண்டால் பேனா நேராக எம்ஓவுக்குப் போகட்டும்; பிணைப்பு நீளம் ஏன் சமம், எந்த அணு தாக்கப்படும், எந்த அமிலம் வலியது என்று இருந்தால் உடனிசைவுக்கு.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நானே இரண்டு பதில் சொல்வேன், அது சல்பேட். எண்ம விதியை மதித்தால் நான்கு ஒற்றைப் பிணைப்பு, கந்தகத்துக்குக் கூட்டல் இரண்டு, ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் கழித்தல் ஒன்று. முறைசார் மின்சுமையைக் குறைக்கப் பார்த்தால் இரண்டு இரட்டைப் பிணைப்பு, இரண்டு ஒற்றைப் பிணைப்பு, கந்தகத்தைச் சுற்றி 12 எலக்ட்ரான். அளந்த நீளம் 149 பிகோமீட்டர், கந்தக அமிலத்தில் ஹைட்ராக்சில் பக்கம் உள்ள 157-ஐவிடக் குறைவு, எனவே இரண்டாவது படம்தான் சரி என்று பல பாடநூல்களும் விடைக்குறிப்புகளும் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கணினிக் கணக்கீடுகளில் கந்தகத்தின் 3டி ஆர்பிட்டால்கள் பிணைப்பில் எடுக்கும் பங்கு மிகச் சிறியது என்று தெரிகிறது. எதிரெதிர்ச் சுமைகளின் ஈர்ப்பும் பக்கத்துப் பிணைப்புகளுக்குள் ஆக்சிஜன் எலக்ட்ரான்கள் சற்றே சாய்வதும் சேர்ந்துதான் அந்தப் பிணைப்பைச் சுருக்குகின்றன, அதனால் மின்சுமை பிரிந்த முதல் படமே எலக்ட்ரான் பரவலுக்கு நெருக்கமானது. பிளஸ் ஒன், பிளஸ் டூ, நுழைவுத் தேர்வு என்றால் இரட்டைப் பிணைப்பு இரண்டு உள்ள படத்தைப் போட்டு, ஆறு உடனிசைவு அமைப்புகள், பிணைப்புத் தரம் ஒன்றரை என்று எழுதுங்கள், விடைக்குறிப்பு அதைத்தான் எதிர்பார்க்கும். எம்.எஸ்சி. வகுப்பிலோ நேர்முகத் தேர்விலோ அதே கேள்வி வந்தால் மின்சுமை பிரிந்த படத்தை முதலில் போட்டு, மற்றதை ஏன் போடவில்லை என்ற காரணத்தோடு தொடங்குங்கள்.